‘மக் ப்ளுங்’: சத்தத்துக்கும் இலக்கணம் வைத்திருக்கும் ஜாவானியம்

இன்னைக்கு முதல்ல ஒரு திருத்தம். போன எபிசோட்ல, “ஒரு சொல்லோட ஒலிக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இல்லை”ன்னு ரொம்ப உறுதியா சொல்லியிருந்தேன். அது சசூரின் பெயரில் 1916இல் வந்த புத்தகத்தால் பரவிய கருத்து. டமால், படார் மாதிரிச் சொற்கள் கொஞ்சம்தான், அவை மொழி அமைப்பின் உண்மையான உறுப்புகள் இல்லைன்னு அவர் ஒதுக்கிட்டார். நானும் ஒதுக்கிட்டேன். அப்புறம்தான் ஜாவானிய மொழி பக்கம் போனேன்.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழி இது. அதில் தண்ணீர் சன்னமாக ஓடினால் ‘க்ரிச்சிக்’. கொட்டோ கொட்டென்று கொட்டினால் ‘க்ரொஜொக்’. சின்னதுக்கு ‘இ’, பெரிசுக்கு ‘ஒ’. அருவிக்குப் பெயரே ‘க்ரொஜொகான்’தான். மத்திய ஜாவாவின் தவாங்மாங்குவில் ‘க்ரொஜொகான் செவு’ என்றே ஒரு அருவி இருக்கு. செவு என்றால் ஆயிரம்.

கமெலான் இசைக்குழுவிலும் இதே கதைதான். அதிர்வு நீண்டு ஒலிக்கும் கருவிகள் ‘கோங்’, ‘கெனோங்’. தட்டியதும் சட்டுனு அடங்கும் சின்னக் கருவி ‘கெட்டுக்’. ‘ங்’ இழுக்குது, ‘க்’ நிறுத்துது. வாயில் சொல்லிப் பாருங்க, புரியும்.

சரி, இதில் இலக்கணம் எங்கே? நாம ‘தொபுக்குனு விழுந்தான்’ என்கிறோம் இல்லையா, அந்த ‘னு’ வேலையை அங்கே ‘மக்’ செய்யுது. ஆனா அது சத்தத்துக்கு முன்னாடி வரும். தண்ணீருக்குள் விழுந்தால் ‘மக் ப்ளுங்’. கனமாக விழுந்தால் ‘மக் கெடெபுக்’. சத்தமே இல்லாத உணர்வுக்கும் இது பொருந்தும். 2017இல் மறைந்த பொந்தான் வினார்னோ, டிவி உணவு நிகழ்ச்சியில் ருசித்துவிட்டு ‘மக் ஞுஸ்’ என்பார். அது ஜாவானியம் தெரியாத இந்தோனேசியர்கள் வாயிலும் ஒட்டிக்கிச்சு.

இன்னும் இருக்கு. சொல்லுக்குள் ‘உம்’ புகுந்தால், சத்தம் விடாமல் தொடரும் வினை ஆகிவிடும்: க்ரொஜொக், கும்ரொஜொக். ‘ஜெரித்’ என்றால் அலறல். பல பேர் ஆளுக்கொரு பக்கம் அலறினால் ‘பத்திங் ஜ்லெரித்’. முன்னாடி ஒரு சொல், நடுவில் ஒரு ‘ல்’, அவ்வளவுதான், கூட்டமே வந்துடுச்சு. சாதாரணச் சொற்களிலும் உயிரெழுத்து மாறினால் அழுத்தம் கூடும்: ‘அபாங்’ சிவப்பு, ‘அபிங்’ செக்கச்செவேல்.

அதாவது இவை குழந்தைப் பேச்சும் இல்லை, அலங்காரமும் இல்லை. விதிப்படி புதுசு புதுசாகச் சொற்களை உருவாக்கும் ஏற்பாடு. சசூர் ஓரத்தில் வைத்தது, இங்கே நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கு.

இதில் ஒரு கவலையும் இருக்கு. ஜாவாவின் நகரங்களில் பல குடும்பங்கள் இப்போ பிள்ளைகளிடம் இந்தோனேசிய மொழியில்தான் பேசுகின்றன. மரியாதைப் பேச்சைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கலாம். ஆனா ‘மக் ப்ளுங்’ பாடப்புத்தகத்தில் வளராது. யாராவது கிணற்றடியில் நின்று சொல்லி, பக்கத்தில் ஒரு பிள்ளை கேட்டுச் சிரிக்கணும். ‘விழுந்தது’ என்ற செய்தி எந்த மொழியிலும் போய்ச் சேரும். எப்படி விழுந்தது என்பதுதான் வழியிலேயே தொலையும்.

அதனால போன வாரம் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிறேன். அடுத்த தடவை வீட்டில் யாராவது ‘சொய்ங்னு போனான்’னு சொன்னால், கொஞ்சம் மரியாதையா கேளுங்க.