எனக்கு மட்டும் ஏன் குறைச்சல்?

அறவுணர்வு மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்கத்தான் செய்வார். 'மனசாட்சியின் இருப்பிடம் சிக்கியது' என்கிற பாணியில், கலர் அடித்த மூளைப் படத்தோடு அவ்வப்போது செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த வகை ஆய்வுகளில் பெயர்பெற்றது 2003இல் ஆலன் சான்ஃபி குழு செய்தது. பத்து டாலரை இருவர் பங்கிட வேண்டும். ஒருவர் பங்கைச் சொல்வார். மற்றவர் சரி என்றால் இருவருக்கும் பணம், மாட்டேன் என்றால் இருவருக்கும் பூஜ்யம். அற்பத் தொகையை நீட்டியபோது எதிராளியின் மூளையில் முன் இன்சுலா என்ற பகுதி மும்முரமானது. நாற்றத்தை முகர்ந்தாலும், உடம்பு வலித்தாலும் மும்முரமாகிற பகுதிதான் அது. அதன் வாசலில் 'அறம்' என்று பெயர்ப்பலகை மாட்டுவது பத்திரிகைகளின் வேலை, ஆய்வாளர்களுடையது அல்ல. இதைவிட ருசியானது 2006இல் சூரிக்கில் நடந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம் உள்ள ஒரு பகுதியைக் காந்தத் துடிப்புகளால் சற்று நேரம் மந்தமாக்கினார்கள். அற்பத் தொகையை ஏற்றுக்கொள்வோர் எண்ணிக்கை கூடியது. ஆனால் 'இது நியாயமான பங்கா?' என்று கேட்டால், இல்லவே இல்லை என்றுதான் அவர்களும் சொன்னார்கள். அநியாயம் என்று தெரிவதும், அதற்காகக் கைக்கு வரும் காசை விடுவதும் வெவ்வேறு வேலைகள் என்பது இதில் தெரிகிறது. ஆனால் எது அநியாயம் என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதை எந்த மூளைப் படமும் காட்டாது.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்பவர்களுக்காகச் சுருக்கமாக: உணர்ச்சிதான் அறத்தின் வேர் என்றார் தத்துவஞானி ஹியூம், பகுத்தறிவு என்றார் கான்ட். 1958இல் உளவியலாளர் கோல்பர்க் சிகாகோ பையன்களிடம் கேள்வி கேட்டு அற வளர்ச்சிக்குப் படிநிலைகள் வகுத்தார். பெண்பிள்ளைகள் எங்கே என்று 1982இல் கரோல் கில்லிகன் கேட்டார். முதலில் தீர்ப்பு, பிறகுதான் காரணம் தேடுகிறோம் என்றார் 2001இல் ஜோனதன் ஹைட். போதும்.

எனக்குப் பிடித்த சோதனைக்குத் தேவையானவை இரண்டு தட்டுகளும் கொஞ்சம் மிட்டாயும். இரண்டு குழந்தைகள் எதிரெதிரே உட்காருகிறார்கள். இருவர் பக்கமும் ஆய்வாளர் மிட்டாய் வைக்கிறார். ஒரு குழந்தையின் கையில் மட்டும் இரண்டு கைப்பிடிகள். பச்சையை இழுத்தால் தட்டுகள் வெளிப்பக்கம் சாய்ந்து அவரவர் மிட்டாய் அவரவருக்கு. சிவப்பை இழுத்தால் தட்டுகள் உட்பக்கம் சாய்ந்து, எல்லாம் நடுவிலுள்ள கிண்ணத்தில் விழும், யாருக்கும் கிடையாது. எனக்கு ஒன்று, அவனுக்கு நான்கு என்று வைத்தால் என்ன ஆகும்? தன் ஒற்றை மிட்டாயையும் தொலைத்துக்கொண்டு குழந்தை சிவப்பை இழுக்கும். பீட்டர் பிளேக், கேத்தரின் மெக்காலிஃப் முதலியோர் இதை இந்தியா, செனகல், பெரு, மெக்சிகோ, உகாண்டா, அமெரிக்கா, கனடா ஆகிய ஏழு நாடுகளில் 866 ஜோடிக் குழந்தைகளிடம் செய்து 2015இல் வெளியிட்டார்கள். 'எனக்கு ஏன் குறைச்சல்?' என்ற கோபம், வரும் வயது முன்பின் ஆனாலும், ஏழு நாடுகளிலும் வந்தது. வேடிக்கை அடுத்த கட்டத்தில்தான். எனக்கு நான்கு, அவளுக்கு ஒன்று என்று மாற்றி வைத்தால்? கூடுதலாக வருவதை வேண்டாம் என்று சிவப்பை இழுக்கும் வழக்கம் மூன்று நாடுகளில் மட்டுமே தென்பட்டது: அமெரிக்கா, கனடா, உகாண்டா. அங்கும் வளர்ந்த பிள்ளைகளிடம்தான். உகாண்டா அந்தப் பட்டியலில் இருப்பதால், பணக்கார நாடு, ஏழை நாடு என்று கோடு கிழித்துவிட்டு நகரவும் முடியாது.

ஆக, 'நியாய உணர்வு' என்று ஒரே பெயரில் அழைப்பதற்குள் இரண்டு சரக்குகள் இருக்கின்றன. குறைச்சலுக்கு வரும் கோபம் பால் மாதிரி. எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதிகமாகக் கிடைத்ததற்குக் கூசுவது தயிர். அதற்கு யாராவது உறைமோர் ஊற்ற வேண்டும், ஊற்றியபின் காத்திருக்கவும் வேண்டும். எட்டு வயதுக்கு முன்னால் மூடியைத் திறந்து பார்த்துப் பயனில்லை. உறைமோர் பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்து வருவது, அந்த வீட்டுப் புளிப்பையும் சேர்த்தே கொண்டுவரும். உறைமோரே கிடைக்காத இடத்தில் மிளகாய்க் காம்பைப் போட்டும் தயிர் தோய்ப்பவர்கள் உண்டு. அறத்தில் மிளகாய்க் காம்பு எது என்று கேட்டால் பள்ளிக்கூடமாக இருக்கலாம் என்பேன். இதற்கு மேல் இழுத்தால் உவமை திரிந்துவிடும்.

பெரியவர்களிடம் இந்தப் புளிப்பு வேறுபாட்டை ஜோசஃப் ஹென்ரிக்கும் மானுடவியலாளர்கள் சிலரும் பதினைந்து சிறு சமூகங்களில் அளந்து 2001இல் வெளியிட்டார்கள். முதலில் சொன்ன பங்கீட்டு விளையாட்டுதான், ஆனால் ஒரு நாள் கூலிக்குக் குறையாத நிஜப் பணயம். பெருவின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதம் நீட்டினார்கள். அதை மறுத்தவர் அநேகமாக இல்லை. கொடுக்கும் இடம் தனக்கு வாய்க்காதது துரதிர்ஷ்டம், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தோனேசியாவின் லமலேராவில் சராசரி 58 சதவீதம். கூட்டமாகப் படகில் போய்த் திமிங்கலம் பிடித்து, எந்தத் துண்டு யாருக்கு என்று முறைவைத்துப் பங்கிடும் ஊர் அது. பப்புவா நியூ கினியின் அவு, நாவ் மக்களோ பாதிக்கு மேல் கொடுத்தாலும் மறுத்தார்கள். அங்கே பெரிய அன்பளிப்பு என்றால் பெரிய கடன்.

விளையாட்டில் சில்லறைக்குக் காட்டும் ரோஷம் நிஜ வாழ்க்கையில் நிற்குமா என்பது நியாயமான ஆட்சேபம். வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் 20 ரூபாயில் தொடங்கி 20,000 ரூபாய் வரை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2011இல் வந்தது. தொகை ஏற ஏற மறுப்பு கரைந்து, உச்சத்தில் ஏறக்குறைய இல்லாமலே போனது. இதனால் நியாய உணர்வே பாசாங்கு என்று முடிவு கட்டுபவர்கள் சூரிக்கை மறந்துவிடுகிறார்கள்: அநியாயம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்ள மனிதரால் முடியும்.  மேலும், மச்சிகெங்காவுக்கும் லமலேராவுக்கும் நடுவிலுள்ள தூரத்தைத் தொகையால் மட்டும் விளக்க முடியாது.

அப்படியானால் எல்லாமே ஊர்வழக்கம்தானா என்பது அடுத்த ஆட்சேபம். ஊர்வழக்கம் என்ற சொல், ஏதோ தற்செயலாகப் படிந்த பழக்கம் என்ற எண்ணத்தைத் தருகிறது. ஆய்வு காட்டியது வேறு. அந்நியரோடு சந்தையில் எவ்வளவு புழங்குகிறார்கள், பிழைப்புக்கு எவ்வளவு கூடி உழைக்க வேண்டியிருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்து சமூகங்களுக்கு இடையிலான வேறுபாட்டில் சுமார் 68 சதவீதத்தை விளக்கின. பதினைந்தே சமூகங்கள் என்பதால் இந்த எண்ணைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். ஆனால் தனிமனிதரின் வயதும் சொத்தும் ஒரு சமூகத்துக்குள் சீராக எதையும் விளக்கவில்லை என்பதோடு சேர்த்துப் பார்க்கலாம். அந்தச் சொத்துக்கும் ஒரு தருணத்தில் உயிர் வந்தது. கென்யாவின் ஒர்மா மக்களிடம் ஜீன் என்ஸ்மிங்கர் வேறொரு விளையாட்டை, ஆளுக்கு இவ்வளவு என்று பொதுநிதிக்குப் போடும் விளையாட்டை, விளக்கினார். கேட்டதும் அவர்கள் அதற்கு 'ஹரம்பீ விளையாட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் கட்ட ஊர்கூடி வரி போடுவதுதான் ஹரம்பீ. வசதி உள்ளவர் அதிகம் போட வேண்டும். விளையாட்டிலும் வசதி உள்ளவர்கள்தான் அதிகம் போட்டார்கள். அதே ஆட்கள் பங்கீட்டு விளையாட்டுக்கு வந்தபோது, சொத்துக்கும் கொடுத்த பங்குக்கும் தொடர்பே இல்லை.