கிதார் பெடலுக்கு ஒரு வரி

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாக அரியலூர் போகிற பஸ், கொள்ளிடப் பாலம் ஏறி இறங்கினால் திருமானூர். இந்த ஒன்றியத்தில்தான் வீரமாமுனிவரின் ஏலாக்குறிச்சி இருக்கிறது. கோயில் பாடகர் குழுவிலும் திருவிழா மேடையிலும் கிதார் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் உள்ள பகுதி. அப்படி ஒரு பிள்ளை காசு சேர்த்துப் பழைய எஃபெக்ட்ஸ் ப்ராசஸர் ஒன்றை வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலால் மிதித்தால் கிதாரின் குரலை மாற்றும் பெட்டி அது; சுருக்கமாகப் பெடல். பின்புறம் யூஎஸ்பி துளை இருக்கும். லேப்டாப்பில் செருகினால் வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்யலாம்.

லேப்டாப் பல வீடுகளில் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. கிதார்காரர்களுக்கோ ‘பாஸ்’ என்றால் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்யும் பெடல். பெயர் ஒன்றுதான், ஆனால் பெடலை அந்த லேப்டாப்பில் செருகினால் இரண்டும் பேசிக்கொள்ளுமா என்பது பெடலின் மாடலைப் பொறுத்தது.

யூஎஸ்பியில் எந்தக் கருவியைச் செருகினாலும் அது முதலில் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும். நான் இன்ன நிறுவனம், இன்ன மாடல், இன்ன வகை என்று எண்களால் சொல்லும். ஒலிக்கருவிகளுக்கென்று உள்ள பொது வகையைச் சொன்னால், கருவியைக் கணினியோடு பேசவைக்கும் தனி நிரலான டிரைவரே வேண்டாம்; லினக்ஸ் உடனே ஏற்றுக்கொள்ளும். பல பெடல்கள் அந்த இடத்தில் 255 என்று சொல்கின்றன. ‘என் மொழி என் நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும்’ என்று அதற்குப் பொருள். நிறுவனம் விண்டோஸுக்கும் மேக்குக்கும் டிரைவர் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தன் பெட்டி என்ன பேசுகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்பதே என் கருத்து.

மொழி புரிந்த பிறகும் தாளம் சேர வேண்டும். கணினிக்கு ஒரு கடிகாரம், பெடலுக்கு ஒரு கடிகாரம். ஒலியை நொடிக்கு 44,100 துணுக்குகளாக, அதாவது சாம்பிள்களாக, அளந்தால் ஒரு மில்லிநொடிக்கு 44.1. பின்னத்தை அனுப்ப முடியாது. ஒன்பது பொட்டலங்களில் 44, பத்தாவதில் 45 என்று கட்டி அனுப்ப வேண்டும். இரண்டு கடிகாரங்களும் மயிரிழை விலகினாலும் போதும், சிறிது நேரத்தில் சாம்பிள்கள் மிஞ்சும், அல்லது தீர்ந்துபோகும். காதில் பட்பட்டென்று வெடிக்கும். நாயனக்காரர் ஒரு காலப்பிரமாணத்திலும் தவில்காரர் இன்னொன்றிலும் போவது போலத்தான். இதற்கு வழி, ஒருவர் மற்றவரைக் கேட்டு வாசிப்பது. பெடலிலிருந்து எத்தனை சாம்பிள் வந்ததோ அத்தனையையே திருப்பி அனுப்பும்படி கணினிக்குச் சொல்ல வேண்டும்.

லினக்ஸின் மையமான கெர்னலின் யூஎஸ்பி ஒலிப் பகுதியில் இதற்காகவே ஒரு பட்டியல் இருக்கிறது. ரோலண்டின் நிறுவன எண் 0582. அதன் பக்கத்தில் மாடல் எண். அதன் பக்கத்தில் பெயர். பாஸ் ஜிடி-1, ஜிபி-10, கட்டானா, ஏடி-10 எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு கருவிக்கு ஒரே ஒரு வரி. அந்த வரி சரிதானா என்று கருவியைக் கையில் வைத்திருப்பவர்தான் செருகிப் பார்த்து, கேட்டு, உறுதி சொல்ல முடியும். பக்கத்தில் கருவி இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய நிபுணரும் ஊகிக்கத்தான் முடியும்.

எல்லாக் கருவியும் ஒரு வரியில் அடங்கிவிடாது. லைன் 6 நிறுவனத்தின் பாட் வகைப் பெட்டிகளுக்கு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரைச் சேர்ந்த மார்க்குஸ் கிராப்னர் 2004 முதல் தனி டிரைவரே எழுதினார். அவற்றில் பாட் எக்ஸ்டி நொடிக்கு 39,062.5 சாம்பிள் என்ற விசித்திரமான வேகத்தில் ஓடியது. 44,100, 48,000 என்று பழகிய எவரும் அந்த அரையை எதிர்பார்க்க மாட்டார்கள். அவருடைய டிரைவர் 2009-இல் கெர்னலின் சோதனைத் திண்ணையில் உட்கார இடம் பெற்றது. பலர் திருத்தித் திருத்தி, 2015-இல்தான் வீட்டுக்குள், ஒலிப் பகுதியில் சேர்ந்தது. அன்று முதல் அந்தப் பெட்டியை லினக்ஸில் செருகுகிறவர் யாரும் டிரைவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஏலாக்குறிச்சியை நினைக்கும்போது எனக்கு இதுதான் தோன்றுகிறது. ஓலைச்சுவடியில் எகரம் குறிலா நெடிலா என்று தெரியாமல் படித்தவர்கள் தடுமாறினார்கள். புள்ளி வைத்தால் குறில் என்பது விதி. எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். வீரமாமுனிவர் நெடிலுக்குக் கொம்பின் மேல் ஒரு சுழியைச் சேர்த்தார். ‘கெட்டான்’, ‘கேட்டான்’ இரண்டையும் நாம் இன்று மயங்காமல் படிப்பது அந்தச் சுழியால்தான். பொதுவில் இருக்கும் ஒன்றில் ஒருவர் செய்யும் சிறு திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேருகிறது. கெர்னலின் அந்த ஒரு வரியும் அப்படித்தான்.

அரியலூர், பெரம்பலூர் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கிதார் வாசிக்கும் நண்பரின் பெடலை லினக்ஸ் லேப்டாப்பில் செருகுங்கள். டெர்மினலில் ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்ற கட்டளையைக் கொடுங்கள். நான்கு இலக்கத்தில் நிறுவன எண்ணும், இன்னொரு நான்கில் மாடல் எண்ணும் தெரியும். ஒலி வராவிட்டாலோ வெடித்தாலோ, அந்த எண்களையும் கெர்னல் பதிவில் வந்த செய்திகளையும் அப்படியே எடுத்து, கெர்னலின் ஒலிப் பகுதியைப் பராமரிப்பவர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் சோதிக்கச் சொல்லும் வரியைச் சோதித்து, கேட்டதைக் கேட்டபடி பதில் சொல்லுங்கள்.