மேடைக்கு ஒண்ணு... மீதி ஒன்பது?

கோழி என்றால் நம்மில் பலருக்கு இரண்டே ரகம்தான். குழம்பு, வறுவல்! ஆனால் கோழியை அழகுக்காக வளர்த்து, குளிப்பாட்டி, கூண்டில் ஏற்றி, நடுவர் முன்னால் நிறுத்திக் கோப்பை வாங்குகிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவரைத் திணற அடிக்கிற முதல் கேள்வி... பெரிய கோழியா, குட்டிக் கோழியா?

எங்கள் குப்பனூரில் அந்தக் கேள்வி வேலி தாண்டியே வந்தது. (ஏற்காட்டின் பெரிய மலைப்பாதையில் மண் சரிந்தால் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வருமே, அந்தக் குப்பனூர்தான்!) பக்கத்து வீட்டு அண்ணன் சீட்டு எடுத்த பணத்தோடு வந்து நின்றார்.

"தம்பி, நீ பி.காம். படிச்சவன். கணக்குப் போட்டுச் சொல்லு. கிளிமூக்கு ஜோடி வாங்கட்டுமா? இல்ல, பேந்தம்ங்கறாங்களே, அது வாங்கட்டுமா?"

"எதுக்குண்ணா?"

"கண்காட்சில நிறுத்தத்தான்!"

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் மட்டும் வந்தது. "அந்தப் பணம் பொண்ணோட காலேஜ் ஃபீஸுக்கு எடுத்தது. அதையும் கணக்குல சேத்துக்கங்க தம்பி!"

சேர்த்துக்கொண்டேன்.

முதலில் பெரியது. நம் கிராமங்களில் நாட்டுக்கோழியைப் பெருவிடை, சிறுவிடை என்று பிரித்துச் சொல்வது பழைய வழக்கம். பெருவிடை, சண்டைச் சேவல் வம்சம். அசீல் இனம். அதிலே அழகுக்கென்றே பார்த்துப் பார்த்து இணை சேர்த்து வளர்த்ததுதான் கிளிமூக்கு விசிறிவால். கிளி மாதிரி வளைந்த குட்டை மூக்கு, நிமிர்ந்த கழுத்து, தூண் மாதிரி கால், தரையைத் தொடுகிற வால். நிறத்தைக் கேட்டால் மயில், கீரி, பூதி, கொக்குவெள்ளை என்று அடுக்குவார்கள். இதற்கென்றே திண்டுக்கல் முதலிய ஊர்களில் கண்காட்சி நடத்துகிறார்கள். பேர் பெற்ற சேவலுக்கு விலை லட்சத்தில் பேசப்படுகிறது. (பேசுகிற விலை வேறு, பையில் விழுகிற விலை வேறு. நிலத்துக்கும் இதே விதிதான்!)

சண்டைக்காரச் சேவல் அழகுராஜா ஆனதற்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. நம் நாட்டில் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டம், பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டிவிடுவதைக் குற்றம் என்கிறது. இங்கிலாந்தில் 1835-இல் சேவல் சண்டைக்குத் தடை வந்தது. சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1845-இல், லண்டன் மிருகக்காட்சி சாலையில் முதல் பெரிய கோழிக் கண்காட்சி! அங்கே சண்டைச் சேவல்களும் கூண்டுக்குள் வந்து அழகுப் போட்டிக்கு நின்றன. கத்தி கட்டின காலுக்கு எண்ணெய் தடவுகிற காலம் வந்தது. சேவலுக்கு நல்ல காலம்தான்!

இனி சின்னது. பேந்தம் என்கிற பெயர் ஜாவா தீவின் பாண்டன் துறைமுகத்திலிருந்து வந்தது. கப்பல்காரர்கள் அங்கே பார்த்த குட்டிக் கோழிகளுக்கு ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் சிறுவிடையைப் பேந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. சிறுவிடை சாதாரணக் கோழி. பேந்தம் அதைவிடப் பொடிசு. பெரிய இனத்தின் எடையில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்றுதான் இருக்கும். பிரம்மா என்று ஒரு கோழி, நம் பிரம்மபுத்திராவின் பெயரைச் சுமக்கிறது. அதில் பெரிய சேவல் அஞ்சரைக் கிலோவை நெருங்கும். அதே பிரம்மாவின் பேந்தம் ஒரு கிலோ சொச்சம்! மலேசியாவின் செராமா அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். நெஞ்சை நிமிர்த்தி நிற்பதைப் பார்த்தால், சம்பளம் வாங்கின முதல் நாள் பையன் மாதிரி இருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

தீனி: பெரிய கோழி ஒன்று நாளுக்கு 120 கிராம் என்று வைத்தால், பத்துக் கோழிக்கு வருஷத்தில் 438 கிலோ. பேந்தம் 50 கிராம் என்றால் 182 கிலோ. பாதிக்கும் கீழே.

இடம்: கிளிமூக்குச் சேவல்கள் ஒன்றையொன்று பார்த்தால் ரத்தம் கண்டுவிடும். தலைக்கு ஒரு தனிக்கூண்டு. வால் மடங்காமல் திரும்புகிற அகலமும் வேண்டும். வால் ஒடிந்தால் பரிசும் ஒடிந்தது. பேந்தத்துக்கு மொட்டை மாடி போதும்.

காலம்: பேந்தம் ஏழெட்டு மாசத்தில் முழு அழகுக்கு வந்துவிடும். கிளிமூக்குக்கு வால் இறங்கி, உடம்பு முறுகி நிற்க ஒன்றரை வருஷமாவது ஆகும். அதுவரை தீனி நம்முடையது.

"அப்ப பேந்தம்தான் லாபம்!" என்று எழுந்தார் அண்ணன்.

"உக்காருங்கண்ணா. இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

கண்காட்சிக் கோழியில் யாரும் சொல்லாத கணக்கு இதுதான். பத்துக் குஞ்சு பொரித்தால் மேடையேறுகிற லட்சணத்தோடு தேறுவது ஒன்றோ இரண்டோ. மீதி என்ன ஆகும்? ஜெயிக்கிற கோழியை வைத்து யாரும் நஷ்டப்படுவதில்லை. தேறாத கோழிதான் வீட்டை ஆட்டி வைக்கும்.

உதாரணத்துக்கு ஜப்பானியப் பேந்தம். தரையோடு தரையாக நடக்கிற குட்டைக் கால்தான் அதற்கு அழகு. அந்தக் காலைத் தருகிற மரபணு இரட்டையாகச் சேர்ந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். குட்டைக்காலையும் குட்டைக்காலையும் இணை சேர்த்தால், கரு கூடிய நூறு முட்டையில் 25 பொரியாது, 25 நெட்டைக் காலோடு வரும், 50 மட்டும்தான் குட்டைக்கால். அந்த ஐம்பதிலும் வால், நிறம் பார்த்துக் கழிக்க வேண்டும். கழித்ததைக் கறிக்கு எடுக்கலாம் என்றால், அரைக் கிலோக் கோழிக்கு மசாலாச் செலவுதான் அதிகம்! செல்லமாக வளர்க்க ஆள் தேடித்தான் கொடுக்க வேண்டும்.

பெருவிடையில் தேறாத சேவல் மூன்று கிலோ நிற்கும். மூக்கு வளையாவிட்டால் என்ன, தராசுக்கு மூக்கு தெரியாது. நாட்டுக்கோழி விலைக்குச் சந்தையில் போய்விடும். முட்டைக்குப் பைசாக் கணக்குப் பார்க்கிற நாமக்கல் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது புரியாதா?

ஆகவே தீர்ப்பு இதுதான். டவுனில் வாடகை போர்ஷன், மொட்டை மாடி, பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள் என்றால் பேந்தம். ஆனால் தேறாததையும் ஆயுசு முழுக்க வைத்துக் காப்பாற்ற மனசு வேண்டும். வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் நிலமும், வாரச் சந்தையும், விடியற்காலையில் கூவினால் சண்டைக்கு வராத அக்கம்பக்கமும் இருந்தால் பெருவிடை. இரண்டையும் ஒரே பட்டியில் விடவே கூடாது. பெரிய சேவல் குட்டிப் பெட்டையை மிதித்தே முடித்துவிடும்.

அண்ணனுக்கு நான் சொன்னது ஜோடியும் வேண்டாம், லட்சமும் வேண்டாம் என்பது. அவர் வீட்டிலேயே அடைக்கு உட்காரும் சிறுவிடைக் கோழி ஒன்று இருக்கிறது. நல்ல கிளிமூக்கு வளர்ப்பவரிடம் கரு கூடிய முட்டை பத்து வாங்கி அதற்கு அடை வைத்தால், 21 நாளில் தெரிந்துவிடும். அண்ணன் வாங்கி வந்தார். சீட்டுப் பணம் காலேஜுக்குப் போனது. ஏழு பொரித்தது. மரநாய்க்கும் கீரிக்கும் தப்பி இப்போது ஐந்து நிற்கின்றன. மூக்கு வளைகிறதா என்று தினம் காலையில் வேலியோரம் ஒரு கூட்டம்!

கண்காட்சிக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பத்து ஊர்க் கோழி கூடுகிற இடத்திலிருந்து கோப்பையோடு வெள்ளைக்கழிச்சலும் வீட்டுக்கு வரலாம். அதற்கு ராணிகேட் என்று நம் நாட்டு மலை ஊர் ஒன்றின் பெயரே உண்டு. போய் வந்த கோழியை இரண்டு வாரம் தனியே வையுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்துகிற தடுப்பூசி முகாமுக்கு எல்லாக் கோழியையும் தூக்கிக்கொண்டு போங்கள். பெரிசோ, பொடிசோ... நோய்க்கு எடை பார்க்கத் தெரியாது!