கடவை மூடப்பட்டால் நடப்பவர் எங்கே போவார்?

ஸ்பிரிங்வேலில் நெடுங்காலம் வாழ்ந்த நம்மவர்க்குப் பழைய புகையிரதக் கடவையை நினைவூட்ட வேண்டியதில்லை. ஸ்பிரிங்வேல் வீதியின் குறுக்கே தண்டவாளம் கிடந்த காலத்தில், மணி ஒலித்துத் தடுப்புக் கம்பம் இறங்கிவிட்டால் கார்கள் வரிசையாக நிற்கும். கடைக்குப் போனவர்கள் பைகளுடன் காத்து நிற்பார்கள். ஒரு வண்டி போய்க் கம்பம் எழும்பும் என்று பார்த்தால், எதிர்ப்பக்க வண்டிக்காக மணி ஒலித்துக்கொண்டே இருக்கும். 1870களின் இறுதியில் இவ்வழியே புகையிரதப் பாதை போடப்பட்டு 1880இல் நிலையமும் திறக்கப்பட்டபோது இங்கே இருந்தவை தோட்டங்களும் புல்வெளிகளுமே. அன்று யாருக்கும் இடைஞ்சலாக இராத கடவை, ஊர் வளர வளரத் தலையிடியாகிவிட்டது.

2014 ஏப்ரலில் இதற்கு ஒரு முடிவு வந்தது. தண்டவாளம் நிலத்துக்குக் கீழே இறக்கப்பட்டு, புதிய நிலையம் பள்ளத்தில் அமைந்தது. வீதி இருந்த இடத்திலேயே இருந்தது. இன்று ஒரு மூதாட்டி காய்கறி வாங்கிக்கொண்டு வீதிவழியே நடந்து போகும்போது, அவர் காலடிக்குக் கீழே வண்டி ஓடுவதைக் கவனிப்பதுகூட இல்லை.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இங்கே வழிவிட்டது புகையிரதந்தான், நடப்பவர் அல்லர். எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான்கு வழிகள்

ஒரு கடவையை இல்லாமற் செய்ய நான்கு வழிகள் உண்டு. தண்டவாளத்தைக் கீழே இறக்கலாம். ஸ்பிரிங்வேலில் செய்தது அதுவே. தண்டவாளத்தை மேலே தூக்கலாம். அயலூரான நோபிள் பார்க்கிலும், கிளேட்டன், கார்னகி முதலிய இடங்களிலும் 2018இல் அப்படியே செய்தார்கள். வீதியைப் பாலமாகவோ சுரங்கமாகவோ மாற்றலாம். நான்காவது, வேலியடைத்துக் கடவையை மூடிவிடலாம். முதல் மூன்றுக்கும் பெருந்தொகைப் பணம் வேண்டும். நான்காவதற்குக் கம்பியும் கட்டையும் ஓர் அறிவிப்புப் பலகையும் போதும்.

2014 இறுதியில் பதவிக்கு வந்த விக்டோரியா மாநில அரசு முதலில் 50 கடவைகளை அகற்றுவதாகச் சொன்னது. பின்னர் அது 75 ஆகி, 85 ஆகி, 2022இல் 110 என்று உயர்ந்தது. 2030க்குள் முடிப்பதே இலக்கு. கோல்ஃபீல்ட் தொடக்கம் டண்டினோங் வரை ஒன்பது கடவைகள் போனபோது, பாதை மேலே போவதால் வீட்டு முற்றத்தைப் பயணிகள் எட்டிப் பார்ப்பார்கள் என்று பலர் எதிர்த்தார்கள். எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆயினும் கால்நடையாகச் செல்பவர்க்கு அதனால் ஒரு நன்மை விளைந்தது. முன்பு வேலியாய் நின்ற இடம் தூண்களுக்கிடையே திறந்து கிடக்கிறது. நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஜெரிங் பாதை என்னும் நீண்ட வழியும் அங்கே அமைந்திருக்கிறது.

நகரத்தில் இவ்வளவு செலவு செய்யலாம், ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள். நாளுக்குப் பத்துப் பேர் கடக்கும் நாட்டுப்புற ஒற்றையடிப் பாதைக்கு யார் பாலம் கட்டுவார்? அங்கேதான் நான்காவது வழி தலைகாட்டுகிறது.

அபாயம் பொய்யல்ல

கடவையை மூடச் சொல்பவர்களைக் கொடியவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் சொல்லும் அபாயம் மெய்யானது. 2007 ஜூன் 5ஆம் நாள் விக்டோரியாவின் வடக்கே கெராங் என்னும் ஊருக்கு அண்மையில், நாட்டுப்புறக் கடவை ஒன்றில் பெரிய லொறி ஒன்று பயணிகள் வண்டியில் மோதியதால் 11 பேர் மாண்டனர். அச்செய்தியை இம்மாநிலம் இன்னும் மறக்கவில்லை.

நடப்பவர் நிலையைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 36 மீற்றர் கடந்துவிடும். இரட்டைத் தண்டவாளத்தைத் தாண்ட ஒரு முதியவருக்கு 15 விநாடி வேண்டுமென்று வைத்துக்கொண்டால், அந்நேரத்தில் வண்டி 540 மீற்றர் வந்துவிடும். ஆகவே அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலே வண்டி கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவர் பத்திரமாகக் கடக்கலாம். இடையிலே ஒரு வளைவோ பற்றையோ காலைப் பனிமூட்டமோ இருந்தால் கணக்குப் பிழைத்துவிடும். சாரதி கண்டாலும் பயனில்லை. அந்த வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் வேண்டும்.

இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்து எல்சென்ஹாம் நிலையத்தில் 2005 டிசம்பர் 3ஆம் நாள் நடந்தது இன்னும் கொடியது. பதின்மூன்றும் பதினான்கும் வயதான இரு சிறுமிகள் ஒரு வண்டி போகும்வரை காத்து நின்றார்கள். அது போனதும், எச்சரிக்கை ஒலியும் விளக்கும் அந்த வண்டிக்கே உரியவை என எண்ணிப் படலையைத் திறந்து இறங்கினார்கள். எதிர்த்திசையில் வந்த இரண்டாம் வண்டி இருவரையும் பலிகொண்டது. படலைக்குப் பூட்டு இருக்கவில்லை. அந்த அபாயம் பற்றிய எச்சரிக்கைகள் முன்னரே எழுத்தில் இருந்தும் உரியபடி கவனிக்கப்படவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. 2012இல் நெட்வேர்க் ரெயில் நிறுவனத்துக்குப் பத்து இலட்சம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது.

இத்தகைய துயரங்களுக்குப் பின்னர் அந்நிறுவனம் கடவைகளை ஒவ்வொன்றாக மூடத் தலைப்பட்டது. சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேல் மூடப்பட்டன. இதைக் கேட்பவர் நல்லதென்றே சொல்வார். ஆனால் நடைப்பயணிகள் சங்கத்தார் பல இடங்களில் ஆட்சேபித்தார்கள்.

நடப்பவர்களின் வாதம்

பிரிட்டனில் நடைப்பயணிகள் சங்கம் 1935இல் தொடங்கப்பட்டது. நாட்டுப்புற நடைபாதைகளைக் காப்பதே அதன் தலையாய பணி. ஒருமுறை பொதுவழியானது என்றைக்கும் பொதுவழியே என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கோட்பாடு. அங்கே பல பாதைகள் புகையிரதத்துக்கு மூத்தவை. தேவாலயத்துக்கும் சந்தைக்கும் வயலுக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தண்டவாளம் குறுக்கே வெட்டிப் போயிற்று. ஆகவே வந்தவன் இருந்தவனை வெளியேற்றுவது முறையோ என்று அவர்கள் கேட்பதில் பொருளுண்டு.

1992இல் வந்த சட்டத் திருத்தப்படி, பாதுகாப்புக் காரணத்துக்காகக் கடவைப் பாதை ஒன்றை மூடவோ வேறு வழிக்குத் திருப்பவோ உள்ளூராட்சிச் சபை கட்டளை இடலாம். ஆனால் அதை உறுதிசெய்யுமுன், அக்கடவையை நியாயமான செலவில் பாதுகாப்பாக்க இயலுமா என்பதைப் பார்த்தாக வேண்டும். யாரேனும் ஆட்சேபித்தால் விடயம் அமைச்சரிடம் போகும். விசாரணை அதிகாரி ஒருவர் ஊருக்கே வந்து இரு பக்கத்தையும் கேட்பார்.

கேம்பிரிட்ஜ்சயர், சஃபோக், எசெக்ஸ் முதலிய கீழ்த்திசை மாவட்டங்களில் நூற்றுக்கு மேற்பட்ட கடவைகளைப் பற்றி 2017 முதல் இவ்வாறான பொது விசாரணைகள் நடந்தன. நடைப்பயணிகள் வெறுங்கையோடு போகவில்லை. மாற்றுவழி என்று காட்டப்பட்ட பாதையைத் தாங்களே நடந்து பார்த்தார்கள். எத்தனை கிலோமீற்றர் கூடுகிறது, ஓரத்தில் நடைபாதை உண்டா, மழைக்காலத்தில் சேறாகுமா என்று குறித்துக்கொண்டு சாட்சியம் சொன்னார்கள்.

அவர்களின் முக்கிய வாதம் இது. தண்டவாளத்தைக் கடக்க விடாமல் ஒருவரைக் குறுகிய நாட்டுப்புற வீதிக்கு அனுப்பினால், வேகமாக ஓடும் கார்களுக்கிடையே ஓரமில்லாத தெருவில் அவர் நடக்க நேரிடும். புகையிரதக் கணக்கில் ஓர் அபாயம் கழிந்தது. வீதிக் கணக்கில் ஓர் அபாயம் கூடியது. இரண்டு கணக்கையும் ஒருங்கே பார்க்க வேண்டாமா? முடிவில் சில கடவைகளை மூட அனுமதி கிடைத்தது, சில மறுக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தார்கள் என்பதே நடைப்பயணிகள் பெற்ற வெற்றி எனலாம்.

தாயகத்தில்

தமிழகத்தார் இதனை ‘ரயில்வே கேட்’ என்பர். இந்திய ரயில்வே தன் அகலப் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகள் அனைத்தையும் 2019 ஜனவரி இறுதிக்குள் ஒழித்தது. சிலவற்றுக்கு ஆள் நியமித்தார்கள். சிலவற்றை மூடிப் பக்கத்துக் கேட்டோடு இணைத்தார்கள். பலவற்றுக்குப் பதிலாகத் தண்டவாளத்தின் கீழே தாழ்ந்த சுரங்கப்பாதை கட்டினார்கள். ஆளில்லாக் கேட்டுகளில் நேர்ந்த சாவுகள் இதனால் ஒழிந்தன என்பது பெரிய காரியம்.

ஆயினும் கிராமத்தார் பல இடங்களில் சுரங்கப்பாதையை எதிர்த்தார்கள். மழை பெய்தால் அது குளமாகிவிடும். வைக்கோல் ஏற்றிய வண்டிக்கு உயரம் போதாது. இருட்டினால் பெண்கள் தனியே போகத் தயங்குவார்கள். இவை வீண் பயமல்ல. 2021 செப்டெம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் அகப்பட்டு, அரசு மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 8ஆம் நாள் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், ஆள் இருந்த கேட்டிலேயே பள்ளி வான் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சைகை விளக்கோடு இணைக்கப்படாத கேட் அது. கேட் மூடினால்தான் ரயிலுக்குச் சைகை விழும் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. அவ்விடத்தில் சுரங்கப்பாதை கட்ட ஒப்புதல் இருந்தும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்று தெற்கு ரயில்வே அன்று அறிவித்தது. கட்டினாலும் குறை, கட்டாவிட்டாலும் குறை என்று இதைத் தள்ளிவிடலாகாது. தண்ணீர் வடியும் வசதியோடு, உரிய காலத்தில் கட்ட வேண்டும் என்பதே இவ்விரண்டு துயரமும் கற்பிக்கும் பாடம்.

இலங்கையின் வடக்கே 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. வண்டி வராத அத்தனை ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்டவாளம் என்றால் என்னவென்றே தெரியாது. அதன்மேல் வீட்டு வழிகளும் ஒழுங்கைகளும் போயிருந்தன. புதிய பாதையில் வண்டிகள் முன்னைவிட வேகமாக ஓடின. பாதுகாப்பற்ற கடவைகளில் உயிர்கள் போயின. அங்கே மக்கள் கேட்டது கடவையை மூடச் சொல்லியல்ல; காவலும் தடுப்பும் போடச் சொல்லித்தான்.

நடப்பவரின் கணக்கு

ஒரு கடவையை மூடினால் இரண்டு கிலோமீற்றர் சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் கார் வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிடம். மணிக்கு நான்கு கிலோமீற்றர் நடக்கும் முதியவருக்கு அரை மணி நேரம். திரும்பி வரவும் அதே அரை மணி. தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் காரில் வந்து பார்த்துவிட்டு இரண்டு நிமிடந்தானே என்று போய்விடுகிறார்கள்.

நம் சமூகத்தில் நடப்பவர் யார்? பிள்ளைகள் அழைத்து வந்த பெற்றோர், புதிதாக வந்து சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்காதவர், பள்ளிச் சிறுவர். ஸ்பிரிங்வேலில் 1970 முதல் 1992 வரை இயங்கிய எண்டர்பிறைஸ் குடியேறுவோர் விடுதியில் வந்திறங்கிய பல நாட்டு மக்களும் முதலில் கால்நடையாகத்தான் இவ்வூரை அறிந்தார்கள். இவர்களுக்கு வழியின் தேவை மற்ற எவரையும் விட அதிகம். ஆனால் ஆங்கிலத்தில் அறிவிப்பு வரும்போது அதை வாசிப்பதும் பதில் எழுதுவதும் பெரும்பாலும் இவர்களல்லர். நடப்பவர் எழுதுவதில்லை; எழுதுபவர் நடப்பதில்லை. அதனால்தான் கடவை மூடப்பட்ட பின்னரே வீட்டில் முறைப்பாடு கேட்கிறது.

எனவே எந்த ஊரிலாயினும் வழியை மூடுவது பற்றி அறிவிப்பு வந்தால் ஐந்து கேள்விகளைக் கேட்பது நன்று. யார் யார் நாளாந்தம் இவ்வழியே நடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்களா? மாற்றுவழியை ஒருவர் நடந்து பார்த்தாரா, அல்லது வரைபடத்தில் மட்டும் பார்த்தாரா? அவ்வழியில் நடைபாதையும் விளக்கும் உண்டா? சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் அதில் போகுமா? பாலம் கட்டுவதாயின், அது திறந்த பின்னர் கடவையை மூடுவார்களா, அல்லது மூடிவிட்டுப் பிறகு கட்டுவோம் என்கிறார்களா?

கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. மூடிய வழி மூடியபடியே கிடப்பதும், வாக்களித்த பாலம் வராமற் போவதும் உலகெங்கும் நடப்பவை. பிள்ளைகள் தாய் தந்தையிடம் அவர்கள் நடக்கும் வழிகளைக் கேட்டறிந்து, அறிவிப்பில் கண்ட தவணைக்குள் ஒரு பக்கக் கடிதமாயினும் ஆங்கிலத்தில் எழுதிச் சபைக்கு அனுப்பலாம். பேரப்பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை அம்மம்மாவோடு மாற்றுவழியை நடந்து நேரத்தைக் குறித்துக் கொடுத்தால், அதைவிட வலிய சாட்சியம் வேறில்லை.