மோட்டாரை நிறுத்தும் காந்த சுவிட்ச்

மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிய, மோட்டார் கவனிப்பாரின்றி ஓடிக்கொண்டிருப்பதைக் கிராமங்களில் நாம் காண்கின்றோம். அங்கே வீணாவது நீர் மட்டுமன்று. ஊராட்சி செலுத்தும் மின்கட்டணமும் வீணாகின்றது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாகவே நிறுத்தும் காந்த சுவிட்ச் இதற்கு நல்ல பரிகாரமாகும். ஆயினும், அதனை இணைக்கும் முறையறிந்து இணைத்தல் வேண்டும்.

இதன் உயிர்நிலை ‘ரீட் சுவிட்ச்’ என்னும் சிறு கருவி. 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் எல்வுட் என்பார் இதனைக் கண்டுபிடித்தார். மூடிய கண்ணாடிக் குழாயினுள் நிக்கலும் இரும்பும் கலந்த இரு மெல்லிய தகடுகள், நுனிகள் சற்றே விலகி நிற்கும். காந்தம் அருகில் வந்தால் நுனிகள் ஒட்டி மின்சாரம் பாயும். காந்தம் அகன்றால் பிரிந்துவிடும். தொட்டியினுள் நிற்கும் தண்டில் இச்சுவிட்ச் அடங்கியிருக்கும். காந்தம் பொருத்திய மிதவை நீர்மட்டத்தோடு ஏறி இறங்கி அதனை இயக்கும்.

இங்கு ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். நேரடியாகக் கிளப்பும் கணத்தில் அதைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. சிறிய ரீட் சுவிட்சுகள் பலவும் அரை ஆம்பியர் அளவே தாங்கும். மோட்டாரின் மின்சாரத்தை அதன் வழியே செலுத்தினால் நுனிகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு தொட்டி நிரம்பினாலும் மோட்டார் நிற்காது. ஆகவே, காந்த சுவிட்ச் கட்டளை மட்டுமே இடவேண்டும். சுமையைச் சுமப்பது ஸ்டார்ட்டரிலுள்ள காண்டாக்டரின் வேலை.

முறையான அமைப்பு இதுவே:

1. தொட்டிக்குச் செல்லும் கம்பியில் 24 வோல்ட் நேர்மின்சாரம் மட்டுமே இருக்கட்டும். நீருள்ள இடத்தில் உயர் அழுத்தம் ஆபத்தானது.

2. காந்த சுவிட்ச் சிறு ரிலேயை இயக்க, ரிலே காண்டாக்டரை இயக்கட்டும். ரிலேச் சுருளின் குறுக்கே ஒரு டயோடு இருந்தால் நுனிகளில் தீப்பொறி எழாது.

3. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரு சுவிட்சுகள் தேவை. நீர் கீழ்மட்டத்திற்கு இறங்கும்போது மோட்டார் கிளம்பி, மேல்மட்டத்தில் நிற்கும். ஒரே மட்டமாயின் மோட்டார் அடிக்கடி கிளம்பி நின்று பழுதாகும்.

4. தொட்டி நிரம்பும்போது மேல் சுவிட்ச் திறக்குமாறு அமைக்க வேண்டும். அப்போது அதன் கம்பி எங்கேனும் அறுந்தாலும் மோட்டார் நின்றுவிடும். நிரம்பும்போது மூடும் சுவிட்சாயின், கம்பி அறுந்ததும் மோட்டார் நில்லாது ஓடும்.

இக்கருவி கிணற்றில் நீர் வற்றியதை அறியாது. ஆதலின், நீரின்றி ஓடுவதைத் தடுக்கும் கருவியையும் ஓவர்லோடு ரிலேயையும் அகற்றலாகாது. மோட்டார் எக்கணமும் தானே கிளம்பக்கூடுமாதலால், மெயின் சுவிட்சை நிறுத்தாமல் எவரும் அதனைத் தொடலாகாது. இதனைப் பலகையில் எழுதி மாட்டுவது நலம். மாதம் ஒருமுறை மோட்டார் ஓடும்போது மிதவையை மேல்மட்டத்திற்கு உயர்த்தி, அது நிற்கின்றதா எனத் தொட்டி இயக்குபவர் சோதிக்கட்டும்.

விலைப்புள்ளி பெறும்போதே இந்நான்கு விதிகளையும் ஊராட்சி உறுப்பினர்கள் எழுத்தில் கேட்பார்களாக. தம் தோட்டத்தில் தொட்டி கட்டிய விவசாயிகளுக்கும் இம்முறை பொருந்தும்.