வில் இல்லாத வில்லாளி

சோழர் காலச் செப்புத் திருமேனிகளுள் திரிபுராந்தகர் என்று வழங்கும் வடிவம் ஒரு பெரும் போரின் வெற்றியைக் காட்டுவதற்கென்றே வார்க்கப்பட்டதாயினும், போருக்குரிய அடையாளம் எதையும் அதில் காண்பது அரிது. பகைவர் இல்லை, எரியும் கோட்டை இல்லை, தேர் இல்லை. இன்று எஞ்சியிருப்பவற்றுள் பலவற்றில் வில்லும் அம்பும்கூட இல்லை. பின்கைகள் மழுவும் மானும் ஏந்தியிருக்க, முன்னிடக்கை தோளளவுக்கு உயர்ந்தும் முன்வலக்கை இடுப்பருகே தாழ்ந்தும் நிற்கும் இத்திருமேனியில், விரல்கள் எதையோ தளர்வாகப் பற்றியிருப்பவைபோல உட்புறம் வளைந்து, நடுவே சிறிது இடம் விட்டிருக்கின்றன. மேலே உள்ள இடைவெளி வில்லுக்குரியது, கீழே உள்ளது அம்புக்குரியது. சிற்ப நூல்கள் கடகம் என்று பெயரிட்டு அழைக்கும் இந்தக் கை அமைதி ஒன்றைக் கொண்டுதான், எதிரே நிற்பது முப்புரம் எரித்த இறைவன் என்பது அறியப்படுகிறது.

திரிபுரம் என்பது மூன்று நகரம். அந்தகன் என்றால் முடிவைத் தருபவன். தாரகாசுரனின் புதல்வர்களான தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி ஆகிய மூவரும் தவம் செய்து, பொன், வெள்ளி, இரும்பு ஆகியவற்றால் ஆன மூன்று பறக்கும் கோட்டைகளைப் பெற்றனர் என்றும், ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் கணத்தில், ஒரே அம்பால் மட்டுமே அவற்றை அழிக்க முடியும் என்பது அவர்கள் பெற்ற வரம் என்றும் புராணங்கள் கூறுகின்றன. தேவர்கள் ஆயத்தம் செய்த படைக்கலத்தில் உலகம் முழுவதுமே உறுப்பாயிற்று: பூமி தேரானது, சூரிய சந்திரர் சக்கரங்களாயினர், பிரமன் பாகனானான், மேரு வில்லாகவும் வாசுகி நாணாகவும் திருமால் அம்பாகவும் அக்கினி அம்பின் முனையாகவும் அமைந்தனர். விநாயகரை வணங்காமல் புறப்பட்டதால் தேரின் அச்சு முறிந்த இடமே இன்றைய அச்சிறுபாக்கம் என்பது தமிழ்நாட்டுத் தலபுராணம் சேர்த்துக்கொண்ட பகுதி. இத்தனை ஏற்பாடும் முடிந்த பிறகு இறைவன் அம்பை எய்யாமலே, சிரித்த சிரிப்பிலேயே கோட்டைகள் சாம்பலாயின என்று சொல்லும் வழக்கு ஒன்றும் உண்டு. அம்பாக நின்ற திருமாலின் நிலை அப்போது எப்படி இருந்திருக்கும் என்ற கேள்விக்கு, அந்த வழக்கின் எள்ளல் சுவையே விடை.

இக்கதை தமிழுக்குப் புதிதாக வந்ததன்று. புறநானூற்றின் 55ஆம் பாடலில் மருதன் இளநாகனார், மலையை வில்லாகவும் பாம்பை நாணாகவும் கொண்டு ஒரே அம்பால் மூன்று மதில்களை அழித்த இறைவனை முன்னிறுத்தி, அவனுடைய நெற்றிக்கண் ஏனைய கண்களினும் மேம்பட்டு விளங்குவதுபோலப் பாண்டியன் பிற வேந்தரினும் மேம்பட்டவன் என்கிறார். மதிலுக்கு எயில் என்ற பழந்தமிழ்ச் சொல் உள்ளதால், திரிபுரத்துக்கு மூவெயில் என்ற பெயர் அக்காலத்திலேயே இயல்பாக அமைந்தது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினொரு ஆடல்களுள் கொடுகொட்டி, பாண்டரங்கம் ஆகிய இரண்டும் முப்புரம் எரிந்த நிகழ்ச்சியோடு தொடர்புடையவை. பிற்காலச் சைவம் சிவனின் வீரச் செயல்கள் நிகழ்ந்தனவாகக் கொண்ட அட்ட வீரட்டானத் தலங்கள் எட்டனுள், முப்புரம் எரித்ததற்கு உரியது பண்ணுருட்டியை அடுத்த திருவதிகை. மூன்று புரங்களாவன உயிரைப் பிணிக்கும் மும்மலங்களே என்று திருமூலர் கொடுத்த விளக்கம், போர்க்கதையை ஒரே வீச்சில் அகத்துக்குத் திருப்பிவிடுகிறது.

அரசர்களுக்கோ இது அகத்தைப் பற்றிய கதையாக மட்டும் இருந்திருக்க முடியாது. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில், மேல்வரிசை மாடங்களில் வில்லேந்திய திரிபுராந்தகர் சிற்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. வேறு எத்தனையோ மூர்த்தங்கள் இருக்க, ஒன்றையே இவ்வாறு அடுக்கியதற்குப் படையெடுப்புகளில் வெற்றி கண்ட ஒரு பேரரசனின் விருப்பத்தைக் காரணமாகக் கருதுவது பொருத்தமே. அதே கோயிலில், கருவறையைச் சுற்றியுள்ள உள் திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்து 1931இல் எசு. கே. கோவிந்தசாமியால் கண்டறியப்பட்ட சோழர் ஓவியங்களுள் திரிபுராந்தகர் காட்சியும் ஒன்று. அந்தச் சுவரில் எல்லாமே இருக்கின்றன: பிரமன் செலுத்தும் தேர், பல கைகளுடன் வில் வளைத்து நிற்கும் இறைவன், மயில்மீது முருகன், எலிமீது விநாயகர், சிங்கத்தின்மீது தேவி, எதிரே வெகுண்டெழும் அசுரர் கூட்டம், அவர்களைப் பற்றிக்கொண்டு அஞ்சும் பெண்கள்.

ஓவியன் நிரப்பிய அத்தனையையும் செப்புத் திருமேனியைச் செய்த சிற்பி விலக்கிவிட்டான். ஓவியத்தில் ஒரு காலை ஊன்றி மறுகாலை விரித்துப் பாயும் நிலையில் உள்ள உடல், உலோகத்தில் தலை, இடை, கால் ஆகிய மூன்றிடத்தில் மெல்ல வளையும் திரிபங்கமாகத் தணிந்து நிற்கிறது. ஆகம நூல்களுள் ஒன்றான அம்சுமத்பேதம் திரிபுராந்தகருக்கு எட்டு வகை வடிவங்களை வகுத்துச் சொல்வதால், சிலவற்றில் இடக்காலின்கீழ் முயலகன் என்னும் குள்ள உருவைக் காண முடிகிறது. மற்றவற்றில் அதுவும் இல்லை. எய்வதற்கு முந்திய கணமா, எய்து முடித்த கணமா என்று பிரித்தறிய முடியாத இந்த அமைதியே, சிரித்து எரித்த கதைக்கு மிகவும் நெருங்கியது என்று சொல்லத் தோன்றுகிறது. சுவர் ஓவியம் போரைக் காட்டுகிறது. வெற்றியைக் காட்டுவது திருமேனிதான்.

வில் இல்லாமற்போனதற்கு எளிய காரணம், அது உடலோடு ஒன்றாக வார்க்கப்படாமல் தனியே செய்து கையில் பொருத்தப்பட்டிருந்தது என்பதே. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவத்தை முழுவதுமாகச் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்திக் கரு கட்டி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றியபின் அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் கையாளும் முறை. ஒவ்வொரு மண் கருவும் உடைத்தே திறக்கப்படுவதால் ஒரு வார்ப்பைப்போல இன்னொன்று அமைவதில்லை. திருவிழாக் காலத்தில் நீராட்டி, ஆடை உடுத்தி, மாலை சாத்தி, பீடத்தின் வளையங்களில் தண்டு செருகித் தூக்கிச் செல்லப்படும் உலாத் திருமேனிக்கு, கழற்றி மாட்டக்கூடிய வில்லே ஏற்றது என்பதும் வெளிப்படை.

கழற்றக்கூடியது தொலையக்கூடியதும் ஆகும். கைப்பொருளை இழந்த திருமேனியை அடையாளம் காண்பதில் அறிஞர்களுக்கே ஐயம் எழுவதுண்டு. ஏனெனில் வீணையைத் தாங்கி நிற்கும் வீணாதரர் என்னும் சிவ வடிவத்திலும் ஏறக்குறைய இதே உயரங்களில் இதே போன்று கைகள் வளைந்திருக்கும். போருக்கு வந்தவரா, இசை மீட்ட வந்தவரா என்பதை விரல்களின் சாய்வையும் முன்கைகளுக்கு இடையே உள்ள தொலைவையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் உள்ள, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு இடபவாகனர் இவ்வகை இழப்புக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. காளையின்மேல் ஊன்றியிருந்த கை, காளை போனபின்பும் அதே சாய்வில் காற்றின்மேல் ஊன்றியிருக்கிறது; ஆயினும் பார்ப்பவர் கண்ணுக்குக் காளை அங்கே நிற்பதாகவே தோன்றுகிறது.

திரிபுராந்தகருக்குத் துணையாகத் தனிப் பீடத்தில் நிறுத்தப்படும் தேவிக்குத் திரிபுரசுந்தரி என்று பெயர். அவளுடைய இடக்கை உடலோடு ஒட்டித் தளர்ந்து தொங்க, வலக்கை இறைவனுடைய கைகளைப் போலவே கடகமாக வளைந்து ஓர் இடைவெளியை விட்டு நிற்கிறது. அந்த இடைவெளி ஒரு மலருக்குரியது. கோயிலில் பூசையில் இருக்கும் திருமேனியாயின், அர்ச்சகர் புதுப்பூ ஒன்றைக் காம்போடு அங்கே செருகிவிட்டுப் போவார்.