பெயர் தெரியாத ஓவியர்

நுழையும்முன்

குறுந்தொகைப் பாடல் ஒன்றை இயற்றிய புலவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. அப்பாடலில் வரும் உவமையைக் கொண்டே அவரைச் செம்புலப்பெயல்நீரார் என வழங்கினர். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் காமிக்ஸ் படித்த சிறுவர்களும் ஏறத்தாழ இதையே செய்தனர். யாரென்று அறியாத ஓவியர் ஒருவரை ‘வாத்தை நன்றாக வரைபவர்’ என்று அழைத்தனர். அவருடைய இயற்பெயர் வெளிவந்தது எவ்வாறு?

கூலிக்கு வரைந்தவர்கள்

1940களில் அமெரிக்காவில் ஒரு காமிக்ஸ் இதழின் விலை 10 சென்ட். மருந்துக்கடைகளிலும் செய்தித்தாள் கடைகளிலும் அவை விற்கப்பட்டன. மட்டமான தாளில் அச்சாகிய அவ்விதழ்களைச் சிறுவர்கள் படிப்பர், கைமாற்றிக்கொள்வர், பின்னர் அவை குப்பைக்குப் போகும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய தாள் திரட்டும் இயக்கம் நாடெங்கும் நடந்தபோது எண்ணற்ற இதழ்கள் கூழாயின. நாளை எறியப்படும் பொருளில் படைத்தவர் பெயர் எதற்கு என்று பதிப்பகத்தார் கருதினர் போலும். பெரும்பாலான இதழ்களில் எழுதியவர் பெயரும் இல்லை. வரைந்தவர் பெயரும் இல்லை.

எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் பக்கக் கணக்கில் கூலி தரப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்டவுடன் கதைமாந்தரின் உரிமையும் பதிப்பகத்தைச் சேர்ந்துவிடும். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் அதன் உரிமைக்காகப் பெற்ற தொகை 130 டாலர். பின்னாளில் அவர்கள் வறுமையில் உழன்றனர். சக ஓவியர்கள் கிளர்ந்தெழுந்து குரல் கொடுத்த பின்னரே, 1975இல் ஆண்டுதோறும் உதவித்தொகையும் படைப்பாளர் என்ற குறிப்பும் அவர்களுக்குக் கிடைத்தன.

வாத்துகளின் தந்தை

கார்ல் பார்க்ஸ் 1901இல் ஓரிகன் மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பண்ணை வேலை, மரம் வெட்டுதல் எனப் பல தொழில்களைச் செய்து பார்த்தவர்; செவித்திறன் குறைந்தவர். 1935இல் வால்ட் டிஸ்னியின் அசைவூட்டப் படநிறுவனத்தில் சேர்ந்து, 1942இல் அதைவிட்டு விலகினார். அதன்பின் டொனால்ட் டக் என்னும் வாத்தை நாயகனாகக் கொண்ட காமிக்ஸ் கதைகளைத் தம் வீட்டிலிருந்தே எழுதி வரைந்து, அஞ்சலில் பதிப்பகத்துக்கு அனுப்பினார்.

பணக்குவியலில் நீந்தி மகிழும் கஞ்சரான ஸ்க்ரூஜ் மாமாவை 1947இல் உருவாக்கியவர் அவரே. ஒரு கதையில் டொனால்டும் மருமகன்களும் கனசதுர வடிவ முட்டைகளைத் தேடி ஆண்டிஸ் மலைக்குச் செல்கின்றனர். சிரிப்பூட்டும் கற்பனைதான், எனினும் மலையும் மூடுபனியும் ஊர்களும் மெய்யான நிலம் போலவே வரையப்பட்டிருக்கும். தொலைநாட்டுக் காட்சிகளுக்கு நேஷனல் ஜியாகிரபிக் இதழ்களை அவர் துணையாகக் கொண்டார். அவர் எழுதிய கதைகள் வந்த மாத இதழ் ஒன்று 1950களின் தொடக்கத்தில் முப்பது இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அவ்வளவு பேர் படித்தும் அவரை ஒருவரும் அறியவில்லை. அட்டையில் இருந்த ஒரே பெயர் வால்ட் டிஸ்னி. எல்லாவற்றையும் டிஸ்னியே வரைகிறார் என்று பல சிறுவர்கள் நம்பினர்.

சிலர் மட்டும் நம்பவில்லை. ஒரே இதழில் உள்ள கதைகள் ஒரே கையால் வரையப்பட்டவை அல்ல என்பதை அவர்கள் கண்டனர். ஒருவருடைய கதையில் வாத்துகளின் முகத்தில் கோபமும் ஏமாற்றமும் நாணமும் தனித்தனியே தெரிந்தன. மற்றவர் கதைகளில் அவ்வுயிர்ப்பு இல்லை. எப்போதாவது வேறோர் ஓவியர் அப்பக்கங்களை வரைந்தால் முதல் கட்டத்திலேயே அவர்களுக்கு ஐயம் தோன்றியது. பழைய இதழ்களைத் தேடி வாங்கி, அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டே அவர்கள் இம்முடிவுக்கு வந்தனர். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த பதிப்பாசிரியர்களின் உழைப்புக்கு இது குறைந்ததன்று; பள்ளிச் சிறுவர்கள் செய்ததால் எவரும் அதை ஆய்வென்று அழைக்கவில்லை.

1960இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த வாசகர் ஒருவர் விசாரித்தறிந்து பார்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். பார்க்ஸின் கைக்கு எட்டிய முதல் வாசகர் கடிதங்களுள் அதுவும் ஒன்று. நண்பர் எவரோ கேலி செய்வதாகவே அவர் முதலில் எண்ணினாராம். அப்போது அவருக்கு வயது 59. பதினெட்டு ஆண்டுகள் வரைந்த பிறகும், தம் கதைகளை எவரேனும் கூர்ந்து படிப்பர் என்று அவர் நினைக்கவில்லை.

1966இல் ஓய்வு பெற்ற பின்னரே அவருடைய புகழ் வளர்ந்தது. 1983 முதல் அவருடைய கதைகள் முப்பது தொகுதிகளாக வெளிவந்தன. 93ஆம் வயதில் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று வாசகர்களைக் கண்டார். குறுங்கோள் ஒன்றுக்கும் அவர் பெயர் இடப்பட்டுள்ளது. 2000இல் அவர் மறைந்தார்.

ஐம்பது ஆண்டுக் காத்திருப்பு

தனித்தனியே தேடிய வாசகர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டதற்குக் காரணம் மிகச் சிறியது. 1960களின் தொடக்கத்தில் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்னும் இதழாசிரியர், வாசகர் கடிதப் பகுதியில் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட்டார். வாசகர்கள் தமக்குள் கடிதம் எழுதத் தொடங்கினர். டெட்ராய்ட் நகரப் பேராசிரியர் ஜெர்ரி பெயில்ஸ் 1961இல் ‘ஆல்டர் ஈகோ’ என்னும் வாசகர் இதழைப் படிப்பெருக்கியில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினார். காமிக்ஸ் படைப்பாளர்களின் பெயரடைவு ஒன்றையும் பின்னர் அவர் தொகுத்து வெளியிட்டார்.

பேட்மேன் கதைகளில் பாப் கேன் என்ற ஒரு பெயரே நெடுங்காலம் இடம்பெற்றது. 1939இல் வந்த முதல் கதையை எழுதியவர் பில் ஃபிங்கர். நாயகனின் தோற்றத்திலும் பெயரிலும் ஊரின் பெயரிலும் அவருடைய பங்கு பெரிது. 1965இல் நியூயார்க்கில் நடந்த வாசகர் கூடுகையில் ஃபிங்கர் பேசினார். அவரிடம் கேட்டறிந்ததைப் பெயில்ஸ் கட்டுரையாக எழுதினார்; கேன் அதை மறுத்தார். 1974இல் ஃபிங்கர் காலமானார். படைப்பாளர் வரிசையில் அவர் பெயரைச் சேர்க்கப் பதிப்பகம் இசைந்தது 2015இல்தான். வாசகரின் எழுத்து உண்மையைக் காத்தது. உரியவருக்கு உரிய காலத்தில் அது பயன்படவில்லை.

பெட்டியில் கிடப்பவை

முற்காலத்தில் விற்காத இதழ்களைக் கடைக்காரர் திருப்பித் தந்து பணம் பெறலாம். 1970களில் காமிக்ஸுக்கெனத் தனிக் கடைகள் பெருகின. அவை கூடுதல் கழிவுக்கு வாங்கின. ஆனால் திருப்பித் தர இயலாது. தேங்கிய இதழ்களை அட்டைப் பெட்டியில் அடுக்கி, எதை எடுத்தாலும் 25 சென்ட் என்று எழுதி வைத்தனர். பின்னாளில் விலை ஏறும் என்று நம்பிப் பலர் வாங்கிக் குவித்ததால் 1991இல் எக்ஸ்-மென் இதழ் ஒன்று ஏறத்தாழ எண்பது இலட்சம் படிகள் விற்றது. எல்லாரிடமும் இருக்கும் பொருளுக்கு விலை ஏறுமா? அவ்விதழும் மலிவு விலைப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

அரிய இதழ்களை நெகிழி உறையில் முத்திரையிட்டுப் பாதுகாப்போர் உண்டு. அவற்றை எவரும் பிரித்துப் படிப்பதில்லை. பெட்டியில் கிடக்கும் இதழையோ அஞ்சாமல் விரிக்கலாம். பழைய இதழ்களை மதிப்பிட்டு எழுதும் வாசகர்கள் பெரும்பாலும் இப்பெட்டிகளிலிருந்தே தொடங்குகின்றனர். கதை சிறந்ததா என்பதோடு, வரைந்தது யார், மை தீட்டியது யார், முன் எந்த இதழில் அக்கை தென்பட்டது என்றும் அவர்கள் நோக்குகின்றனர். பழையது என்பதாலேயே எதையும் புகழ்வது மதிப்புரை ஆகாது. அவசரத்தில் வரையப்பட்ட சலிப்பூட்டும் கதைகளே அப்பெட்டிகளில் மிகுதி; அதையும் மறைக்காமல் எழுதுபவரின் பாராட்டையே நம்பலாம்.

தமிழ் வாசகர்க்கும் இதில் ஒரு தொடர்புண்டு. முத்து காமிக்ஸ் வாயிலாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவி, 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் தோன்றிய கதை. அவ்விதழ்களிலும் படைப்பாளர் பெயரை அச்சிடும் வழக்கம் இல்லை. மாயாவியின் மறையும் உடலையும் மறையாத கையையும் வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர்.

உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் 1994 முதல் காமிக்ஸ் இதழ்களுக்கான தரவுத்தொகுப்பு ஒன்றை உருவாக்கி வருகின்றனர். ஒவ்வொரு கதைக்கும் எழுதியவர், வரைந்தவர், மை தீட்டியவர், எழுத்து வடித்தவர் எனத் தனித்தனி இடங்கள் அதில் உண்டு. பெயர் தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி இடுகின்றனர். பழைய இதழ்களின் பதிவுகளில் அக்கேள்விக்குறிகள் இன்னும் ஏராளமாக உள்ளன.